குரங்கணிச் சரிவின் செம்மண்ணும் மஞ்சள் மண்ணும்

போடிநாயக்கனூரிலிருந்து கொட்டகுடி ஆற்றை ஒட்டிக் குரங்கணிக்குச் செல்லும் வழியில், மண்ணின் நிறம் படிப்படியாக மாறி வருவதைக் கவனியாத குடியானவர் இரார். ஊரைச் சுற்றிய மானாவாரிப் புஞ்சைகளில் மண் சிவந்து கிடக்கிறது. மலையடிவாரத்து மாந்தோப்புகளிலும் இலவந்தோப்புகளிலும் அச்செம்மை சற்றே மங்குகிறது. மேலேறிக் காப்பியும் மிளகும் ஏலமும் பயிராகும் நிழற்பாங்கான சரிவுகளை அடைந்தால், மேல்மண் இலைமக்கினால் கறுத்திருக்க, ஒரு முழம் தோண்டியவுடன் மஞ்சளும் பழுப்பும் கலந்த அடிமண் தென்படுகிறது. ஒரே நாளில் நடந்து கடக்கத்தக்க தூரத்துக்குள் மண் இத்தனை வேஷம் தரித்து நிற்கிறது. ஆயினும் பேச்சிலும் கணக்கிலும் இவை யாவும் பெரும்பாலும் ஒரே பெயரால் வழங்கப்படுகின்றன. அப்பெயர் செவ்வல் என்பதாகும்.

கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டில், 'மண் வயனமும் ரகமும்' என்று ஒரு கலம் இருப்பதைப் பட்டாதாரர்கள் அறிவர். அது பழைய சென்னை மாகாணத்தின் ரயத்துவாரி செட்டில்மெண்டு விட்டுச் சென்ற சொத்து. அக்காலத்து உத்தியோகஸ்தர்கள் மண்ணைக் கரிசல், செவ்வல், மணற்பாங்கு முதலிய இனங்களாகப் பிரித்து, ஒவ்வோர் இனத்தையும் களிப்பின் மிகுதி குறைவுக்குத் தக்கவாறு மீண்டும் வகுத்துத் தரம் கட்டினர். போடியைப் போல் ஜமீன்களாக இருந்த பகுதிகள், 1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்னரே அந்த ஏற்பாட்டுக்குள் வரலாயின. அப்பாகுபாடு தீர்வை விதிப்பதற்காகச் செய்யப்பட்டது. அந்தக் காரியத்துக்கு அது போதுமானதாகவும் இருந்தது. உரம் இடுவதற்கு வழிகாட்ட வேண்டுமென்பது அதன் உத்தேசமன்று. அவ்வாறிருக்க, இன்றும் 'இது செவ்வல், ஆகையால் இன்ன உரம் இன்ன அளவு' என்று அந்த ஒரு சொல்லை நம்பியே பணம் செலவிடப்படுமானால், அது தீர்வைக் கணக்கைக் கொண்டு வைத்தியம் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

செம்மண்ணைச் சிவக்கச் செய்வது இரும்பின் துரு. அத்துரு ஒரே பொருளன்று. அதில் பல இனங்கள் உண்டு. இனத்துக்கு இனம் மணிச்சத்தைப் பற்றி வைக்கும் வலிமை மாறுபடும். இன்ன மண்ணில் இன்ன துரு உள்ளது என்பதை ஒளியின் துணையால் விரைவாகவும் குறைந்த செலவிலும் அறியும் முறை இப்போது விஞ்ஞானிகளின் கைக்கு வந்திருக்கிறது. அம்முறை ஆராய்ச்சிக் கூடங்களோடு நின்றுவிடாமல், ஏலமலைச் சரிவு போன்ற இடங்களின் மண் பரிசோதனைக்கும் வந்து சேர வேண்டும். அதே சமயத்தில், உள்ளூர் மண்ணைக் கொண்டு சரிபார்க்கப்படாத கருவி எதையும் நம்பி எவரும் பணம் கொடுக்கலாகாது. இவ்விரண்டும் ஒருங்கே வற்புறுத்தத்தக்கவை.

இரும்பும் துருவும்

போடி மேற்கு மலையின் பாறை சார்னோக்கைட் என்னும் இனத்தைச் சேர்ந்தது. நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைப்பதற்காகப் பொட்டிப்புரம் அருகே மலையை ஆராய்ந்தபோதும் நிபுணர்கள் இதனையே குறித்தனர். கல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்பவரின் கல்லறைக்கு இடப்பட்ட கல்லைக் கொண்டு, 1893-ஆம் ஆண்டு ஹாலந்து என்னும் நிலவியல் நிபுணர் இப்பாறைக்கு அப்பெயரைச் சூட்டினார். இதில் இரும்பு அடங்கிய கருநிறக் கனிமங்கள் உள்ளன. மழையும் காற்றும் வேர்களும் பாறையை அரிக்க அரிக்க, அவ்விரும்பு வெளிப்பட்டுப் பிராணவாயுவோடு கூடித் துருவாகிறது. அத்துரு களிமண் துகள்களின் மேல் மெல்லிய பூச்சாகப் படிகிறது. மண்ணின் நிறம் பெரும்பாலும் இப்பூச்சின் நிறமேயன்றி வேறில்லை.

துருவின் இனங்களுள் முதன்மையானவை சில. ஹெமட்டைட் என்பது செந்நிறம் வாய்ந்தது; இரத்தத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று அதன் பெயர் பிறந்தது. கோதைட் என்பது மஞ்சளும் பழுப்புமானது. ஜெர்மானியக் கவிஞர் கதேயின் நினைவாக 1806-இல் அப்பெயர் இடப்பட்டது. கோதைட்டின் அமைப்பிலேயே நீர் பிணைந்துள்ளது. ஹெமட்டைட்டில் அது இல்லை. பெர்ரிஹைட்ரைட் என்பது இன்னும் செம்மையாக உருப்பெறாத இளந்துரு. அதன் துகள்கள் மிகமிக நுண்ணியவை. லெபிடோகுரோசைட் என்பது ஆரஞ்சு நிறம் கொண்டு, நீர் தேங்கி வடியும் நிலங்களில் தோன்றுவது. மாக்னட்டைட்டும் மாக்ஹமைட்டும் காந்தத்தால் இழுக்கப்படுபவை. சேலத்துக் கஞ்சமலையின் இரும்புக் கனி மாக்னட்டைட் வகையைச் சேர்ந்தது.

வெப்பம் மிகுந்து நிலம் அடிக்கடி காய்கின்ற இடங்களில் ஹெமட்டைட் உண்டாவது எளிது. குளிர்ச்சியும் ஈரமும் இலைமக்கும் புளிப்பும் மிகுந்த இடங்களில் கோதைட் மேலோங்கும். இது பல நாடுகளில் கண்டறிந்த பொது விதி. போடிச் சமவெளி மழை மறைவில் அமைந்து வறண்டிருப்பதும், உச்சியை நெருங்க நெருங்கக் குளிரும் மூடுபனியும் மிகுவதும் யாவரும் அறிந்தவை. ஆகவே கீழே சிவப்பும் மேலே மஞ்சளும் காணப்படுவது இயற்கையின் ஒழுங்குக்கு இசைந்ததே. ஆயினும் ஒரு தோட்டத்தில் எந்தத் துரு எவ்வளவு உள்ளது என்பதைப் பொது விதி சொல்லாது. சரிவின் முகம், வடிகால், கீழுள்ள பாறை, மேலிருந்து அரித்து வந்த மண் ஆகியவற்றால் பத்து அடிக்குள்ளேயே அது மாறக்கூடும்.

மணிச்சத்தைச் சிறைப்படுத்தும் மண்

இவ்வேறுபாட்டைக் குடியானவர் ஏன் பொருட்படுத்த வேண்டுமெனில், காரணம் மணிச்சத்தேயாகும். 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையொன்றில் 23 கிலோ மணிச்சத்து அடங்கியுள்ளது. இட்ட மணிச்சத்தில் முதற்பருவத்துப் பயிர் எடுத்துக்கொள்வது பொதுவாக நாலில் ஒரு பங்குக்கும் குறைவே. எஞ்சியது மழையில் கரைந்து ஓடிவிடுவதில்லை. புளிப்பான மண்ணில் இரும்பு, அலுமினியம் ஆகியவற்றின் துருக்கள் அதனைத் தம் மேற்பரப்பில் இறுகப் பற்றிக்கொள்கின்றன. உரம் நிலத்திலேயே இருந்தும் வேருக்கு எட்டாது போகிறது.

இவ்வாறு பற்றும் வலிமை துருவின் மேற்பரப்பைப் பொறுத்தது. பெர்ரிஹைட்ரைட் மிக நுண்ணிய துகள்களால் ஆனதாகையால், எடைக்கு எடை நோக்கின் இதுவே மிகுதியாகப் பற்றும். மண்ணில் காணும் கோதைட்டும் சிறு துகள்களாக அமைவதால், பெரும்பாலும் ஹெமட்டைட்டை விட அதிகமாகவே பற்றுகிறது. பிரேஸில் நாட்டின் பழைய மண்களில், மஞ்சள் நிறமானவை செந்நிறமானவற்றைக் காட்டிலும் மணிச்சத்தை மிகுதியாக இறுக்கி வைப்பது நன்கு ஆராயப்பட்ட செய்தி. எனவே, சிவந்த மண்தான் இரும்பு மிக்கது, அதுவே உரத்தை விழுங்குவது என்ற சாமானிய எண்ணம் பல இடங்களில் தலைகீழாக முடியும். கண்ணுக்குச் சாதுவாகத் தோன்றும் மஞ்சள் அடிமண்ணே மூட்டை மூட்டையாக விழுங்கக்கூடும்.

நஞ்சையில் இதன் போக்கு வேறு. வயலில் நீர் நிற்கும்போது மண்ணுக்குள் பிராணவாயு அற்றுப்போகிறது. நுண்ணுயிர்கள் துருவையே சிதைத்து இரும்பைக் கரையச் செய்கின்றன. அப்போது துரு பற்றியிருந்த மணிச்சத்தும் விடுதலையடைகிறது. முதலில் சிதைவது பெர்ரிஹைட்ரைட் போன்ற இளந்துரு. ஹெமட்டைட்டும் கோதைட்டும் எளிதில் அசையமாட்டா. புஞ்சையில் தோன்றும் மணிச்சத்துக் குறைவு அதே வகை மண்ணாலான நஞ்சையில் அவ்வளவாகத் தோன்றாமைக்கு இது ஒரு காரணம். நெல் வேர்களைச் சுற்றிக் காணும் ஆரஞ்சு நிறக் கோடுகளும் இவ்வாறு கரைந்த இரும்பு மீண்டும் துருவாகிப் படிந்தவையே.

2015-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் தேதி தொடங்கப்பெற்ற மண்வள அட்டைத் திட்டத்தில் 12 குறிப்புகள் தரப்படுகின்றன. அவற்றுள் இரும்பும் ஒன்று. ஆனால் அட்டையில் காணும் இரும்பின் அளவு, பயிர் எடுத்துக்கொள்ளத்தக்க சிறு பகுதியை மட்டும் குறிப்பது. துருவின் மொத்தத்தையோ இனத்தையோ அது சொல்லாது. அவ்வாறே மணிச்சத்தின் அளவும் இன்றைய கையிருப்பை மட்டுமே காட்டும். குதிரில் இன்று எவ்வளவு நெல் உள்ளது என்று சொல்வதற்கு அது நிகர். இனிக் கொட்டும் நெல்லில் எவ்வளவு எலிவளைக்குப் போகும் என்பதை அறிய வேறு வழி வேண்டும். துருவின் இனமறிதல் அவ்வழிகளுள் ஒன்று.

கண் ஏமாறும் இடங்கள்

நிறத்தைக் கண்டே இனத்தை அறிந்துகொள்ளலாகாதோ என்று கேட்கலாம். ஓரளவுக்கு இயலும். மண் நூலார் நிற அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு மண்ணோடு ஒப்பிட்டுக் குறிப்பது நெடுநாள் வழக்கம். அமெரிக்க ஓவிய ஆசிரியர் மன்ஸெல் வகுத்த நிற முறையின்படி அமைந்த அட்டைகளே உலகெங்கும் வழங்குகின்றன. ஆனால் கண் ஏமாறும் இடங்கள் பல.

முதலாவது, ஹெமட்டைட் வலிய சாயம். நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கு இருந்தாலே மண் முழுவதையும் சிவப்பாக்கிவிடும்; அதனோடு பன்மடங்கு கோதைட் இருப்பினும் கண்ணுக்குப் புலப்படாது. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளின் தேரி மணல் இதற்கு நல்ல சாட்சி. குதிரைமொழித் தேரியின் மணல் குருதி போல் சிவந்திருப்பினும், அச்செம்மை பெரும்பாலும் மணற்பரல்களின் மேற்பூச்சே. உள்ளிருப்பது வெறும் படிகக்கல். அதனைப் பார்த்து இரும்பு மிக்க நிலமென்று கொள்வது பிழையாகும்.

இரண்டாவது, இலைமக்கு. ஏலத்தோட்டத்தின் மேல்மண்ணில் மக்கின் கருமை எல்லா நிறங்களையும் மூடிவிடுகிறது. மூன்றாவது, ஈரம். நனைந்த மண்ணும் காய்ந்த மண்ணும் ஒரே நிறமாய் இரா.

நான்காவது, தீ. மஞ்சளான களிமண் சூளையில் வெந்தபின் செங்கல்லாகச் சிவப்பதைக் காணாதவர் இல்லை. கோதைட் ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செண்டிகிரேடு வரை சூடேறும்போது, தன் எடையில் பத்தில் ஒரு பங்கை நீராக இழந்து ஹெமட்டைட்டாக மாறுவதே அதன் இரகசியம். மஞ்சட்காவியை வறுத்துச் செங்காவி செய்வதும் இதே முறையில்தான். 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் தேதி குரங்கணிக்கு மேலுள்ள காட்டில் பரவிய தீ, மலையேறச் சென்றவர்களுள் இருபதுக்கு மேற்பட்டோரின் உயிரைக் கவர்ந்ததை இவ்வட்டாரத்தார் மறவார். புல்லில் விரைந்தோடும் தீ மண்ணை ஆழமாகச் சுடுவதில்லை. ஆனால் விழுந்த மரம் நெடுநேரம் கனன்று எரிந்த இடத்தில், அடியிலுள்ள மண் செங்கல் நிறமடையும். இலைமக்கோடு சேர்ந்து வெந்தமையால் காந்தத்தில் ஒட்டும் மாக்ஹமைட்டும் அங்கே உண்டாகும். அத்தகைய இடத்து மண்ணை எடுத்துத் தோட்டம் முழுவதையும் மதிப்பிட்டால், அம்மதிப்பு பொய்யாகவே முடியும்.

ஒளி தரும் சாட்சி

வெயிலை முப்பட்டைக் கண்ணாடியில் செலுத்தினால் அது வானவில்லின் நிறங்களாகப் பிரிவதை 1666-ஆம் ஆண்டையொட்டி நியூட்டன் ஆராய்ந்தார். இவ்வாறு பிரிந்த ஒளி வரிசைக்கு நிறமாலை என்று பெயர். செந்நிறத்துக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் உண்டென்று 1800-இல் ஹெர்ஷல் கண்டறிந்தார். ஒரு பொருளின் மீது ஒளியை விழச்செய்தால், சில பகுதிகளை அது விழுங்கிக்கொள்ளும். ஏனையவற்றைத் திருப்பி அனுப்பும். எவ்வெப்பகுதியை எவ்வளவு விழுங்குகிறது என்பது ஒவ்வொரு பொருளுக்கும் உரிய கைரேகை போன்றது. இதை அளக்கும் கருவி நிறமாலைமானி.

கண் சிவப்பு என்று மொத்தமாகச் சொல்வதை, இக்கருவி நூற்றுக்கணக்கான கூறுகளாகப் பிரித்துச் சொல்கிறது. ஒளியலையின் நீளத்தை நானோமீட்டர் என்னும் அளவால் குறிப்பர். ஒரு மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அது. ஹெமட்டைட் 530 நானோமீட்டர் அருகிலும், அகச்சிவப்பில் 860 அருகிலும் ஒளியை விழுங்கும். கோதைட் 480 அருகிலும் 920 அருகிலும் விழுங்கும். மண்ணில் இரண்டும் கலந்திருப்பினும், வளைகோட்டின் ஏற்ற இறக்கங்களைக் கணிதத்தால் நுணுக்கி ஆராய்ந்து, ஒன்றுக்கு மற்றொன்று என்ன விகிதம் என்று மதிப்பிட இயலும். அகச்சிவப்புப் பகுதியில் மேலும் சென்றால், கயோலின் களிமண் 2,200 அருகிலும், அலுமினியத் துருவாகிய கிப்சைட் 2,265 அருகிலும் தம்மைக் காட்டிக்கொள்கின்றன. மணிச்சத்தைப் பற்றுவதில் அலுமினியத்துக்கும் பங்கு உண்டாதலால், இது மிக்க அனுகூலமானது.

மண்ணை உலர்த்தி, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்துக் கிண்ணத்தில் வைத்தால் போதும். அளவை ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். அமிலமும் காரமும் செலவாவதில்லை, மண்ணும் கெடுவதில்லை. துருவைக் கரைத்து அளக்கும் ரஸாயன முறைகளோ மணிக்கணக்கில் நேரம் கொள்பவை. அவை துருவின் மொத்தத்தையும் இளந்துருவின் பங்கையும் நன்கு காட்டும். ஆனால் ஹெமட்டைட்டையும் கோதைட்டையும் பிரித்துக் காட்டுவதில்லை.

இனத்தை ஐயமறத் தெளிய வேறு இரு முறைகளும் உள. திருச்சிராப்பள்ளியில் பிறந்த ஸர் சி. வி. ராமன் 1928-ஆம் ஆண்டு கண்டறிந்த ஒளிச்சிதறலைக் கொண்டு, மண்ணின் ஒரு துகளையே தனியாக ஆராயலாம். ஆனால் அதில் பாய்ச்சும் லேசர் ஒளி மிகுந்தால், அதன் சூட்டிலேயே கோதைட் ஹெமட்டைட்டாக மாறி ஆராய்பவரை ஏமாற்றிவிடும். மற்றது, ஜெர்மன் விஞ்ஞானி மாஸ்பௌயர் 1958-இல் வெளியிட்ட முறை. இது இரும்பின் அணுக்கருவையே காமா கதிரால் விசாரிப்பது. இரும்பில் நூற்றுக்கு இரண்டு பங்கே உள்ள ஒரு வகை அணுவை மட்டும் அது தட்டி எழுப்புகிறது. 2004-ஆம் ஆண்டு செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய ஆப்பர்ச்சூனிட்டி என்னும் ஊர்தி இவ்வகைக் கருவியால் அங்கே ஹெமட்டைட் இருப்பதை உறுதி செய்தது. ஸ்பிரிட் என்னும் மற்றொன்று கோதைட்டைக் கண்டது. அவ்வளவு தொலைவிலுள்ள துருவின் இனம் எழுதப்பட்டாயிற்று. குரங்கணிச் சரிவின் மண்ணுக்கோ, கிராமக் கணக்கில் இன்னும் ஒரு நிறப்பெயரே நிற்கிறது. இவ்விரண்டையும் ஒருங்கே நினைத்துப் பார்ப்பது நன்று.

ஆட்சேபங்களும் சமாதானமும்

இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபங்களை அலட்சியம் செய்வது முறையன்று. 'கருவிக்குச் செலவிடும் பணத்தை உர மானியமாகக் கொடுத்தால் குடியானவனுக்கு நேரே பயன் தருமே' என்பது ஒன்று. மண் இறுக்கிக்கொள்ளும் இடத்தில் உரத்தை மலிவாக்கிக் கொடுப்பது, ஓட்டைக் குடத்துக்கு நீரை மலிவாக்கிக் கொடுப்பது போன்றதே. மேலும் ஒரு கருவி ஒரு கிராமத்துக்கு மாத்திரம் உரியதன்று. ஆண்டு முழுவதும் ஆயிரக்கணக்கான மாதிரிகளை அது அளக்க வல்லது. எண்ணிக்கை ஏற ஏற ஒரு மாதிரிக்கு ஆகும் செலவு தேய்ந்துவிடும்.

'முன்னோர் நிறத்தைப் பார்த்தே பயிரிட்டுப் பிழைத்தனர்' என்பது மற்றொன்று. உண்மையே. ஆனால் முன்னோர் மூட்டை உரத்தை விலைக்கு வாங்கி இடவில்லை. தழையும் தொழுவுரமும் இட்டபோது, மண்ணைப் பற்றிய பிழைக்கு இவ்வளவு விலை கொடுக்க நேரவில்லை.

மூன்றாவது ஆட்சேபமே கனமானது. அது விஞ்ஞானத்தின் பக்கத்திலிருந்தே வருகிறது. நிறமாலைமானி காட்டுவது ஒரு வளைகோடு மட்டுமே. அவ்வளைகோட்டை மணிச்சத்துப் பற்றும் அளவாக மொழிபெயர்ப்பதற்கு, அதே வட்டாரத்து மண்களை ரஸாயன முறையிலும் அளந்து இரண்டையும் பொருத்திப் பார்த்திருக்க வேண்டும். கென்யா நாட்டு நைரோபியில் உலக வேளாண்காடுகள் நிலையத்தார் ஆப்பிரிக்க மண்களுக்காக இவ்வாறு பெருந்தொகுதிகள் சேர்த்துள்ளனர். அவை அந்நாட்டு மண்ணுக்கு உரியவை. சார்னோக்கைட் பாறையினின்று விளைந்த ஏலமலை மண்ணுக்கு அவற்றை அப்படியே பொருத்துவது, அடுத்தவர் கால் அளவில் செருப்புத் தைப்பதாகும். இலைமக்கு மிகுந்த மேல்மண்ணில் துருவின் அடையாளம் மங்கிவிடுவதும் மெய்யே. இளந்துருவாகிய பெர்ரிஹைட்ரைட்டின் அடையாளமும் தெளிவற்றது. அதற்கு இன்னும் ரஸாயனமே துணை. ஆகவே ஒளி முறை ரஸாயன முறைக்குப் பகையுமன்று, முழுப் பதிலியுமன்று. சில நூறு மாதிரிகளை ரஸாயனத்தால் நுணுக்கமாக அளந்து, அந்த அறிவைக் கொண்டு பல்லாயிரம் மாதிரிகளை ஒளியால் விரைவாக மதிப்பிடுவதே அதன் உரிய இடம். வட்டாரச் சரிபார்ப்பின்றி, கைக்கருவியொன்றை நிலத்தில் குத்திக் காட்டி உடனே உரப் பட்டியல் எழுதித் தருவோரிடம், 'இக்கருவி எந்த ஊர் மண்ணைக் கொண்டு சரிபார்க்கப்பட்டது?' என்று கேட்பது குடியானவரின் உரிமை. விடை வராவிடில் பணத்தை மடியிலேயே வைத்துக்கொள்வது உத்தமம்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, இலாகா செய்ய வேண்டியது. போடிச் சமவெளி தொடங்கிக் குரங்கணி வழியே மலையுச்சி வரை, உயரத்துக்கும் சரிவின் முகத்துக்கும் தக்கவாறு மேல்மண்ணும் அடிமண்ணுமாகச் சில நூறு மாதிரிகள் எடுக்கப்பட வேண்டும். பெரியகுளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி உள்ளது. மலைக்கு அப்பால் கேரள எல்லையில் மயிலாடும்பாறை ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும், பாம்பாடும்பாறை நிலையமும் உள்ளன. மண் இராஜ்ய எல்லை பார்த்து மாறுவதில்லை. ஆகையால் இம்மூன்றும் கூடி ஒரே தொகுதியாக இவ்வேலையைச் செய்வது சிக்கனமாகும். அதன் பயன் மண்வள அட்டையில் பதின்மூன்றாவது குறிப்பாக, 'மணிச்சத்துப் பற்றும் தன்மை: குறைவு, நடுத்தரம், மிகுதி' என்று மூன்றே சொற்களில் ஒன்றாக வந்தால் போதும். நானோமீட்டர்க் கணக்கைக் குடியானவர் தலையில் ஏற்ற வேண்டுவதில்லை.

இரண்டாவதாக, கிராம அலுவலர்கள் செய்ய வேண்டியது. மண் மாதிரி எடுக்கும்போது சர்வே எண்ணோடு நில்லாமல், சரிவின் மேல், நடு, கீழ் என்ற நிலையையும், அடிமண்ணின் நிறத்தையும், அண்மையில் தீப்பட்டதா என்பதையும் எழுதி அனுப்புதல் வேண்டும். அ-பதிவேட்டிலுள்ள வயனம் தீர்வைக்கே உரியதென்றும், உரச் சிபாரிசுக்கு அது ஆதாரமாகாதென்றும் கேட்பவர்களுக்குத் தெரிவிப்பது பெரிய உபகாரமாகும்.

மூன்றாவதாக, நிலமுடையோர் இன்றே செய்யத்தக்கவை. மலைத்தோட்டத்தையும் கீழ்ப்புஞ்சையையும் சேர்த்து ஒரே மாதிரியாக அனுப்பலாகாது. மர வேர் கனன்ற இடம், எருக்குவியல் இருந்த இடம், பாதையோரம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். ஐயமான இடத்தில், காய்ந்த மண்ணைப் பொடித்து, காகிதத்தில் சுற்றிய காந்தத்தை அதனூடே செலுத்திப் பார்க்கலாம். வேறிடத்து மண்ணைவிட மிகுதியாக ஒட்டினால், அது தீப்பட்ட இடமாகவோ ஓடைக் கறுமணல் சேர்ந்த இடமாகவோ இருக்கலாம். மஞ்சள் அடிமண் மேலே தெரியும்படி மேல்மண் அரித்துப்போன இடங்களில், மணிச்சத்தை வாரி இறைப்பதை நிறுத்தி, வேர் ஓடும் வட்டத்தில் மக்கிய எருவோடு கலந்து இடுதல் நலம். மக்கு துருவின் மேற்பரப்பை ஓரளவு தானே பிடித்துக்கொண்டு, மணிச்சத்துக்கு வழிவிடும். புளிப்பு மிகுந்த தோட்டங்களில் பாறை மணிச்சத்து மெதுவாகக் கரைந்து பயன்படும். பரிசோதனையின்படி சுண்ணாம்பு இடும்போது, அதனையும் மணிச்சத்து உரத்தையும் ஒரே நாளில் சேர்த்து இடலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மேல்மண் ஓடிவிடாமல் சரிவில் மூடாக்கும் கல்வரம்பும் அமைப்பதே முதல் உரம். கறுத்த மேல்மண் போய்விட்டால், எஞ்சுவது உரத்தை விழுங்கும் மஞ்சள் மண்ணே.

மலையாளத்து அங்காடிப்புரத்தில் கத்தியால் வெட்டி எடுத்து வெயிலில் உலர்த்தினால் இறுகும் செங்கல் மண்ணைக் கண்டு, 1807-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அதற்கு லாட்டரைட் என்று பெயரிட்டவர் பிரான்சிஸ் புக்கானன். அந்நாளில் கண்ணும் கத்தியுமே அவருக்குக் கருவிகள். அவற்றைக் கொண்டு அவர் செய்தது உலகெங்கும் நிலைத்தது. இந்நாளில் அவற்றினும் கூரிய கருவி உண்டு. இருந்தும் கண்ணால் கண்ட நிறத்தோடு நின்றுவிட்டால், அந்தக் குறை கருவியினுடையதன்று. செவ்வல் என்ற பெயர் கணக்கில் இருந்துவிட்டுப் போகட்டும். அப்பெயருக்குள் எத்தனை மண்கள் அடங்கியுள்ளன என்பதை அளந்து அறிந்த பின்பே அடுத்த மூட்டை உரம் மலையேற வேண்டும்.